ஆசனமும் பாதமும்: டேவிட் பெயின்ரரின் இரு சுவரோவியங்கள்

கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தைக் காணச் செல்வோர் அதன் செதுக்குக் கற்றூண்களையும், டேவிட் பெயின்ரர் (1900–1975) 1933இல் வரைந்த சிலுவைக் காட்சியையும் வியந்து திரும்புவதே வழக்கம். தாடியற்ற கிறிஸ்து கண்டல் மரச் சூழலிலே உயிர்விடும் அவ்வோவியம் அப்புகழுக்கு உரியதே. ஆயினும் அதன் பொருள் முழுமையாக விளங்குவதற்கு, அதே ஆலயத்தில் அவர் தீட்டிய வேறிரு ஓவியங்களையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

ஒன்று, செபெதேயுவின் மனைவி தன் மைந்தர் இருவருக்கும் இயேசுவின் அரசில் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் வேண்டிய நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டது. அவரோ ஆசனத்தைப் பற்றிப் பேசாது, தாம் பருகவிருக்கும் துன்பக் கிண்ணத்தில் பருக அவர்களால் இயலுமா என வினவுகிறார். நாட்டின் உயர் பதவிகளுக்கு ஆளாக்கித் தரும் எனப் பெற்றோர் நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்த கல்லூரியொன்றின் வழிபாட்டிடத்தில் இக்காட்சி இடம்பெற்றமை தற்செயலாயினும் பொருத்தமே. அந்தத் தாய் நமக்கு அந்நியளல்லள்; பல்கலைக்கழக அனுமதிக் காலத்தில் அவளை எங்கும் காணலாம்.

மற்றையது, சீடரின் பாதங்களை இயேசு கழுவுங் காட்சி. தமிழ் வாசகருக்கு இங்கே பெரியபுராணம் நினைவுக்கு வருதல் இயல்பு. திருப்பூந்துருத்தியில், வயதில் மூத்த அப்பர், சம்பந்தரின் சிவிகையைத் தாங்குவோருள் ஒருவராய் மறைந்து நின்றார். அதை அறிந்ததும் சம்பந்தர் பதைத்துக் கீழே குதித்தார். அங்கே அடியார் அடியாரைச் சுமந்தார். இங்கே குருவே சீடர்முன் குனிகிறார். எனினும் ஏற்பவரின் கூச்சம் ஒன்றே. சம்பந்தரின் பதைப்பும், கால் கழுவவிடாது தடுத்த பேதுருவின் மறுப்பும் ஓர் உண்மையையே காட்டுகின்றன: பணிவிடை செய்வதிலும் அதை ஏற்பது கடினம், ஏற்பவனின் படிநிலை எண்ணமும் அங்கே குலைந்துவிடுகிறது.

கிறிஸ்துவையும் சீடரையும் ஐரோப்பியராக்காது இம்மண்ணின் மாந்தராக வரைந்தமை பெயின்ரரின் பெருஞ் சாதனை. எனினும் ஒரு குறை சொல்லாதிருத்தல் இயலாது. எழில்மிகு இளைஞர் உருவங்களில் அவருக்கிருந்த ஈடுபாடு, தொண்டின் கடுமையை மென்மையாக்கிவிடுகிறது. உழைத்துத் தேய்ந்த உடல் அவரது தூரிகைக்கு எளிதில் வசப்படவில்லை. அக்காலத்தில் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே, லயன் அறைகளில் வாழ்ந்த தேயிலைத் தொழிலாளரின் கால்களை எண்ணும்போது இக்குறை பெரிதாகிறது.

அக்கால்கள் சென்ற வழியே பிற்காலத்தில் சென்றவர் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கிய அவர், சிங்களவரும் தமிழரும் ஒன்றாகப் பணியாற்றும் களமாக அதனை வளர்த்தார். குடியுரிமையும் கூலியும் மறுக்கப்பட்டோர் பக்கம் நின்று, 2017இல் மறையும்வரை எழுதியும் பேசியும் வந்தார். பெயின்ரரின் ஓவியங்களை அடுத்த முறை காணச் செல்லும் மாணவர், அதே நகரிலுள்ள அந்நிலையத்தையும் ஒருமுறை சென்று பார்ப்பாராக.