பாயிரமும் பதினோரு வரியும்

வாய்க்காலில் காவேரித் தண்ணீர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது வயல்காரன் பாடு. இணையப் பக்கம் படிக்கிறவன் கையிலும் இப்படி ஒரு மண்வெட்டி உண்டு என்று கும்பகோணத்தில் என் தங்கை பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யூசர் ஸ்கிரிப்ட் என்று அதற்குப் பெயர். பக்கம் நம் உலாவிக்கு வந்து சேர்ந்த பிறகு, நாம் எழுதி வைத்த சில வரிகள் ஓடி அதைத் திருத்துகின்றன. மூலத்துக்குச் சேதமில்லை. அடுத்த வீட்டுக்காரர் பழைய பக்கத்தையேதான் பார்ப்பார்.

2004 முடிவில் ஆரன் பூட்மன் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காகக் கிரீஸ்மங்கியைச் செய்தார். 2010ல் டாம்பர்மங்கி வந்தது. மீதிச் சரித்திரம் இங்கே வேண்டாம். ஸ்கிரிப்டை ஓர் எழுத்தாக வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் என் உத்தேசம்.

ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் ஒரு குறிப்புத் தொகுதி இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர் என்று தொடங்கிப் பயன் ஈறாக எட்டு விஷயங்கள் இருக்க வேண்டும் என்கிறார் பவணந்தி. ஸ்கிரிப்டிலும் பெயர் உண்டு, ஆசிரியர் உண்டு, பயன் சொல்லும் ஒரு வரி உண்டு. எந்தெந்த விலாசத்தில் ஓடும் என்று சொல்கிற 'மாட்ச்' வரிதான் எல்லை. பவணந்தி கேட்காத ஒன்றும் இருக்கிறது: 'கிராண்ட்'. தனக்கு என்னென்ன அதிகாரம் வேண்டும் என்று ஸ்கிரிப்ட் முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொள்கிறது. நம் நூலாசிரியர்கள் சிலரிடமும் இதை எழுதி வாங்கியிருக்கலாம்.

நல்ல ஸ்கிரிப்டை எல்லை வரியிலேயே கண்டுகொள்ளலாம் என்பது என் கட்சி. மருமகன் எனக்கு எழுதிக் கொடுத்தது 11 வரி. செய்தியின் மேல் ஏறி உட்காரும் விளம்பரப் பெட்டிகளை மறைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. ஆனால் எல்லை வரியில் அவன் நட்சத்திரக் குறிகளைப் போட்டு உலகம் முழுவதையும் வளைத்திருந்தான். ஜூன் 12 நெருங்கிக்கொண்டிருந்தது. குறுவைக்கு நாற்று விடலாமா என்று வீட்டில் பேச்சு. மேட்டூர் நீர்மட்டம் பார்க்கலாம் என்று பக்கத்தைத் திறந்தால் அட்டவணை இருந்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது. 120 அடி அணையைப் 11 வரி விழுங்கிவிட்டது! விளம்பரப் பெட்டிக்கு இருந்த பெயரையே அந்தப் பக்கத்தில் அட்டவணைப் பெட்டிக்கும் வைத்திருந்தார்கள்.

"ஸ்கிரிப்ட் சரியாகத்தானே ஓடியிருக்கு, மாமா?" என்றான்.

ஓடியது வாஸ்தவம். இலக்கணப் பிழை இல்லாத கெட்ட எழுத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதே ஊர்க் காலேஜில் வேலை பார்த்துக்கொண்டு, ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு, 1887ல் சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர் பெயரை மட்டும் பார்த்து ஒரு வரியையும் தள்ளவில்லை.

முகம் தெரியாதவர் எழுதியதை ஓட்டுவது இதைவிட விபரீதம். உலகமே எல்லை என்றால் நம் பாங்குக் கணக்குப் பக்கமும் அதற்குள்தான். எழுதியவர் நல்லவராக இருந்தாலும் போதாது. 2005 ஜூலையில் கிரீஸ்மங்கியிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த அதிகாரத்தைப் பொல்லாத பக்கம் ஒன்று பறித்துக்கொண்டு நம் கணினியிலுள்ள கோப்புகளைப் படிக்க முடிந்தது. அந்த அதிகாரங்களையே பிடுங்கிவிட்டு அவசரமாக ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். கட்டுமானத்தைத் திருத்தியது பிற்பாடுதான்.

மருமகன் இப்போது இரண்டு பத்திரிகைகளின் விலாசத்தை மட்டும் எல்லையாக எழுதிக் கொடுத்திருக்கிறான். 12 வரி ஆகிவிட்டது. மூன்றாவது பத்திரிகையில் பெட்டி இன்னும் வந்து உட்காருகிறது. அதை நானே கையால் மூடிக்கொள்கிறேன்.