திண்டிவனத்து இலங்கை

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே கொண்ட பாட்டு. அதன் தலைவன் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன். இன்றைய திண்டிவனத்தையும் அதைச் சூழ்ந்த விழுப்புரம் மாவட்டப் பகுதியையும் ஆண்டவன். அவன் முன்னோர் ஆண்ட இடத்தைப் புலவர் நத்தத்தனார் 'நன்மா இலங்கை' என்கிறார். தொன்மையான பேரிலங்கையின் பெயரைத் தோன்றும்போதே பெற்றது அது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அரக்கர் கோனின் நாட்டுப் பெயர் திண்டிவனத்துக்கு ஏன் வந்தது? இந்தப் பாட்டு அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சா. 1889இல் அச்சேற்றிய பிறகு, பாட்டைப் படித்த எவருக்கும் எழக்கூடிய கேள்வி இது.

இராவணனின் நகரமே இங்கேதான் இருந்தது என்று சொல்லிவிட ஆசை எழலாம். அப்படிச் சொல்வதில் புதுமையும் இல்லை. ஆய்வாளர் எம்.வி. கிபே இலங்கையை அமர்கண்டகப் பக்கம் கொண்டுபோனார். தொல்லியல் அறிஞர் எச்.டி. சங்காலியா 1973இல் வெளிவந்த இராமாயண ஆய்வு நூலில் அதை மத்திய இந்தியாவுக்குள்ளேயே தேடினார். கடலே இல்லாத இடத்தில் இலங்கையை வைக்கலாம் என்றால், மரக்காணத்துக் கடலுக்கு அருகில் வைப்பதில் என்ன தவறு?

தவறு பாட்டிலேயே இருக்கிறது. பாட்டில் வழிகாட்டப்படும் பாணன் எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு நடந்தே போகிறான். எயிற்பட்டினம் மரக்காணம், வேலூர் உப்புவேலூர், ஆமூர் நல்லாமூர், கிடங்கில் திண்டிவனத்துக் கிடங்கல் என்பது ஆய்வாளர் பலர் கொள்ளும் முடிவு. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வழியில் பரதவர் வீட்டில் சுட்ட மீன், எயினர் குடிலில் புளிச்சோறு, உழவர் வீட்டில் நண்டுக் கறியோடு வெண்சோறு. கடலைத் தாண்ட வேண்டியதில்லை, மலைக்கோட்டையில் ஏற வேண்டியதில்லை. நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். இந்தச் சாலைகளைக் காலால் அறிந்தவர். அவரே 'பழைய இலங்கை', 'இந்த நல்ல இலங்கை' என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். இடத்தைப் பற்றிய வழக்கு அங்கேயே தள்ளுபடியாகிவிடுகிறது.

அப்படியானால் இலங்கை என்பது புலவரின் புகழ்ச்சி மட்டும்தானா? இந்தக் கட்சிக்கு வலுவான சான்று அதே பாட்டில் உண்டு. நல்லியக்கோடன் அரண்மனையில் விருந்து, வீமன் இயற்றிய சமையல் நூலின் முறைப்படி ஆக்கப்படுகிறது. அதை நம்பி வீமன் திண்டிவனத்தில் அடுப்பு மூட்டினான் என்று எவரும் எழுதவில்லை. வீமனுக்குத் தராத மதிப்பை இராவணனுக்கு மட்டும் ஏன் தர வேண்டும்?

ஆனால் இந்தக் கட்சியும் முழுமையாக நிற்கவில்லை. புறநானூற்றில் புறத்திணை நன்னாகனார் என்ற வேறொரு புலவர் இதே குடியைப் பாடுகிறார். 176ஆம் பாட்டில் நல்லியக்கோடன் பெருமாவிலங்கைத் தலைவன். 379இல் ஓய்மான் வில்லியாதன் இலங்கைக்கு உரியவன். அங்கே உவமையும் இல்லை, பழைய இலங்கையோடு ஒப்பீடும் இல்லை. ஊரைச் சொல்லுவதுபோல் சொல்லிப் போகிறார். ஆகவே பெயர் நத்தத்தனார் கற்பித்தது அல்ல, நாட்டில் வழங்கியது. மாவிலங்கை மரத்தால் வந்த பெயர் என்று சிலர் சொல்லக்கூடும். மரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் நம்மிடம் ஏராளம், திண்டிவனமே புளியங்காடு என்பார்கள். ஆனால் 379இல் 'மா' இல்லாமல் வெறும் இலங்கை என்றே வருவதால் அந்த விளக்கம் தளர்ந்துவிடுகிறது. பழைய கிரேக்க நிலநூலார் தாலமி குறிப்பிடும், அருவர் என்ற மக்களின் அரசிருக்கையான 'மலங்கா' மாவிலங்கைதான் என்று கொண்டாலும், ஊர் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது.

379ஆம் பாட்டில் ஒரு காட்சி. நெல் அறுப்பவர்களின் அரிவாள் மழுங்குகிறது. சேற்றில் கிடக்கும் ஆமையின் வளைந்த ஓட்டைக் கல் என்று எண்ணி அதில் தீட்டிக்கொள்கிறார்கள். இலங்கை என்ற பெயரோடு நமக்குக் கிடைக்கும் மிக நெருக்கமான நிலக்காட்சி இதுதான் என்பேன். இருள் வேந்தர்களின் நாட்டைக் கட்டும் கதைகள் பெரும்பாலும் வயலையும் அதில் உழைப்பவரையும்தான் கைவிடுகின்றன. டோல்கீன் கதையின் இருள் நாடான மோர்டோருக்கு மூன்று பக்கமும் மலை, எரிமலை, கோபுரம், பல்லாயிரம் ஆண்டு வரலாறு எல்லாம் உண்டு. படைக்குச் சோறு போடும் தெற்கு வயல்களோ அடிமைகள் உழைக்கும் நிலம் என்ற குறிப்போடு முடிந்துபோகின்றன. கம்பனின் ஊர் தேடு படலத்திலும் அனுமன் மாளிகை மாளிகையாகத்தான் போகிறான். ஓய்மான் நாட்டு இலங்கையில் வயல் முன்னால் வருகிறது, அறுப்பவன் கை தெரிகிறது.

இராவணன் கதை அன்று தெரியாததால் பெயரின் கறை உறைக்கவில்லை என்று வாதிட முடியாது. புறநானூறு 378 சீதையை அரக்கன் கவர்ந்ததையும், அவள் எறிந்த நகைகளை இடம் மாற்றி அணிந்த குரங்குகளையும் சொல்கிறது. அது 379க்கு முந்தைய பாட்டு என்பது தொகுத்தவர் செயலாகவோ தற்செயலாகவோ இருக்கலாம்; அதற்கு நான் எடை தரமாட்டேன். அகநானூறு 70 இராமனைக் கோடி என்ற கடல்துறையில் காட்டுகிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை, இராமன் அழித்த இலங்கையைப் பழமையானது என்றே சுட்டுகிறது. நத்தத்தனார் தரும் அடையும் அதுவே. கேட்டவர்களுக்குக் கதை தெரியும். தெரிந்தும் ஓர் அரசனை இலங்கையர் வழியினன் என்று புகழ முடிந்தது, அவனும் பரிசில் தந்தான்.

என் தீர்ப்பு இது: திண்டிவனம் இராவணனின் ஊர் அல்ல. பழைய இலங்கையின் பெயரைப் பெருமையோடு சூடிக்கொண்ட ஒரு தமிழ்க் குடியின் நாடு. இலங்கையை இருளாகவே காணும் வழக்கம் எல்லாக் காலத்துத் தமிழருக்கும் பொதுவானது என்று எழுதுபவர்கள் இந்தச் சான்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓய்மான் நாட்டுக்குள் அந்த இலங்கை இருந்த இடம் எது என்பதில் இன்னும் தெளிவு வேண்டும். திண்டிவனத்துக்கு அருகே கீழ்மாவிலங்கை இருக்கிறது. அங்குள்ள சிறிய குடைவரை பல்லவர் காலத்தது, அதாவது பாட்டுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. பெயர் அந்த ஊருக்குச் சாதகம். ஆனால் பாட்டு நல்லியக்கோடனைக் கிடங்கில் கோமான் என்றும் அழைக்கிறது, கோட்டையின் எச்சமும் கிடங்கலில்தான். மாவிலங்கை பகுதியின் பெயர், கிடங்கில் அரசிருக்கை என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். இதை உறுதிசெய்ய அகழாய்வு வேண்டும்; கிடங்கல் நகருக்குள்ளேயே இருப்பதால், கட்டடங்கள் மூடிவிடுமுன் முதலில் தோண்ட வேண்டியது அங்கேதான்.