வெள்ளைச் சீமாட்டி ஐதீகம்: ஒரு சமூகவியல் நோக்கு

பேய்க் கதைகளை மூடநம்பிக்கையென ஒதுக்குவது முற்போக்குத் திறனாய்வாளர் சிலரின் வழக்கம். மக்களின் கற்பனை வளமெனப் போற்றி அமைவது நாட்டாரியல் ஆர்வலர் பலரின் வழக்கம். இவ்விரு நோக்குகளும், அக்கதைகள் நிலைபெறக் காரணமான சமூக உறவுகளைக் காணத் தவறுகின்றன. செக் நாட்டின் தென் பொஹீமியக் கோட்டைகளோடு பிணைந்த ‘வெள்ளைச் சீமாட்டி’ ஐதீகம் இதற்குத் தக்க சான்றாகும்.

செஸ்கி குறும்லொவ் கோட்டையில் உலவும் ஆவி, றோஷ்ம்பேர்க் பிரபு குலத்துப் பேர்ஹ்தா என்பர். மரணப் படுக்கையிற் கணவன் மன்னிப்புக் கோர, அவள் மறுத்தாள், அவன் சபித்தான். அன்றுமுதல் வெண்ணிற ஆடையுடன் அலைகிறாள். அவளது கையுறை வெண்மையாயின் அக்குலத்துக்கு நன்மை, கருமையாயின் கேடு. இவ்வாவியைப் பேர்ஹ்தாவோடு இணைக்கும் மரபு, 17ஆம் நூற்றாண்டின் இயேசு சபை வரலாற்றாசிரியர் பொஹுஸ்லாவ் பல்பீனின் எழுத்துகளால் வலுப்பெற்றது.

ஆனால், 1476இல் இறந்த பேர்ஹ்தாவின் கடிதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. 1449இல் லிச்டென்ஸ்டைன் குலத்து யானுக்கு மணமுடிக்கப்பட்ட அவள், தந்தைக்கும் சகோதரருக்கும் எழுதியவை அவை. பேசிய சீதனம் உரிய காலத்திற் செலுத்தப்படாமையும், புகுந்த வீட்டில் அவள் பட்ட இழிவும், கைப்பணமின்மையும் அவற்றில் வெளிப்படுகின்றன. நிலமானியச் சமூகத்தில் பிரபுக்களின் திருமணம் இரு குடும்பங்களின் சொத்துடன்படிக்கையே. பெண் அதன் பிணைப்பொருள். கடிதங்களிற் பொறுப்பாளிகளாக நிற்போர் தந்தையும் கணவனும். ஐதீகத்திலோ, மன்னிக்க மறுத்த பெண்ணே தண்டனை பெறுகிறாள். சீதனம் மறைந்து சாபம் எஞ்சுகிறது. அதற்கும் மேலாக, தன்னைக் கைவிட்ட குலத்துக்கே அவள் நிமித்தம் கூறும் காவலாளியாகிறாள்.

எனினும், ஐதீகம் முழுவதும் பிரபுக்களுக்கே உரியதன்று. உறவுக் குலமொன்றின் கோட்டையான யின்த்ரிஹூவ் ஹ்ராடெட்ஸில், அதனைக் கட்டிய தொழிலாளருக்கு இனிப்புக் கூழ் தருவதாக இச்சீமாட்டி வாக்களித்தாள் என்பது கதை. அங்கு பெரிய வியாழனன்று ஏழைகளுக்குக் கூழ் வழங்கும் வழக்கம் நிலவியது. அது தவறினால் ஆவி சீறும் என மக்கள் நம்பினர். கொடை என்ற போர்வை இங்கு உழைப்பின் கடனை மூடுகிறது என்பது உண்மை. ஆயினும், முறையிட மன்றமற்ற உழைப்பாளர், அக்கடனுக்கு ஆவியைச் சாட்சியாக நிறுத்தினர் என்பதும் உண்மையே. அவர்கள் கேட்க முடிந்தது கூழ் மட்டுமே என்பது, அந்நனவின் வரலாற்று எல்லையைக் காட்டுகிறது.

1611இல் பேத்ர் வொக்கின் மறைவுடன் றோஷ்ம்பேர்க் குலம் அற்றுப்போயிற்று, ஐதீகம் அழியவில்லை. அதனைப் பேர்ஹ்தாவின் கடிதங்களோடும் தொழிலாளர் பெற்ற கூழோடும் ஒருங்கு வைத்துப் படிப்பதே ஆய்வாளரின் கடன்.