மீட்டரைத் தொடாத எம்.டெக்.

புதுவையிலிருந்து விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். அங்கே ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒரு சர்க்கரை ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது. நியூ ஹொரைசன் என்ற பெயரில் நடந்து, பிறகு இ.ஐ.டி. பாரியின் கைக்கு மாறி, கடைசியில் நின்றுபோன ஆலை. ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ சக்கை விழும். அதில் பாதி ஈரம். ஈரத்தோடு எரித்தாலும் ஆலையின் கொதிகலனுக்கு அது போதும். உயரழுத்தக் கொதிகலன் இருந்தால் மின்தொகுப்புக்கு விற்கவும் மின்சாரம் மிஞ்சும். எரிசக்திப் பொறியியலில் எம்.டெக். சேருகிறவர் போட்டுப் பழகும் கணக்குகளில் இதுவும் ஒன்று. கணக்கு சரியாகவே வரும். சக்கை தரும் கரும்பு ஆலைக்கு வருமா, வராதா என்ற கேள்வி மட்டும் வினாத்தாளில் இருக்காது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வேரூன்றிய துறை எரிசக்திப் பொறியியல். டெல்லி ஐ.ஐ.டி. 1976இல் எரிசக்தி ஆய்வு மையம் தொடங்கியது. இன்று அண்ணா பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் மதன்ஜீத் பசுமை ஆற்றல் தொழில்நுட்பப் பள்ளி என்று நம் பக்கத்திலேயே முதுநிலை இடங்கள் இருக்கின்றன. இவற்றின் பெரிய பலம் வகுப்பறையின் கலவை. கொதிகலன் தெரிந்த மெக்கானிக்கல்காரர், இன்வெர்ட்டர் தெரிந்த ட்ரிபிள்-ஈ காரர், பேட்டரியின் வேதியியல் தெரிந்தவர் மூவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இளநிலையில் போட்ட வேலிகள் இங்கேதான் கொஞ்சம் சாய்கின்றன.

அந்தக் கலவை எவ்வளவு தேவை என்பதற்குப் பாகூர் வயலில் நிற்கும் ஒரு சோலார் பம்பே போதும். பேனலின் திறன் 25 டிகிரியில் குறிக்கப்படுவது. சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறினால், டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று 16 சதவீத மின்சாரம் குறையும். அதற்கேற்பப் பேனலைக் கூட்ட வேண்டும், மோட்டாரைப் பொருத்த வேண்டும். இதுவரை பொறியியல் கைகொடுக்கும். ஆனால் சோலார் பம்புக்கு மின்கட்டணம் கிடையாது. வெயில் இருக்கும்வரை இறைக்கலாம். கடலோரத்தில் நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு உள்ளே ஏறும். 2019இல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் தனித்து நிற்கும் பம்புக்கும் மானியம் உண்டு, மின்தொகுப்போடு இணைத்த பம்புக்கும் உண்டு. இரண்டாவதில் மிஞ்சிய மின்சாரத்தை விற்கலாம் என்பதால், மோட்டாரை நிறுத்தவும் விவசாயிக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. திறன் கணக்கு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கிணற்றுக்கு நேர்வது வேறு வேறு. இதைப் பேசும் இடமாக எம்.டெக். இருக்க முடியும். பெரும்பாலும் இருப்பதில்லை.

காரணம், இரண்டாம் ஆண்டின் ஆய்வேடு. பி.வி.சிஸ்ட், ஹோமர், மேட்லேப் என்று ஏதாவது ஒரு மென்பொருள். செயற்கைக்கோள் தந்த வெயில் தரவு. திரையில் ஒரு வளைகோடு. 'திறன் கூடியது' என்ற முடிவுரை. மென்பொருளை நான் பழிக்கவில்லை. பத்து மெகாவாட் நிலையத்தைக் கட்டிப் பார்த்துக் கற்க யாராலும் முடியாது. ஆனால் கணினி சொன்னதைக் கூரையில் ஒரு தடவையாவது அளந்து ஒப்பிடாத ஆய்வேட்டுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கருவிக்குக் காசு வேண்டும், வெயிலில் நிற்க ஆள் வேண்டும். கேட் தேர்வு எழுதி வருகிறவருக்கு மாத உதவித்தொகை 12,400 ரூபாய். அதில் யாரைக் குறை சொல்வது?

வேலைச் சந்தையும் இந்தப் பட்டத்தை அரைமனதோடுதான் பார்க்கிறது. 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டம் பெரிய ஆலைகளுக்குச் சான்றிதழ் பெற்ற எரிசக்தி மேலாளரைக் கட்டாயமாக்கியது. அந்தச் சான்றிதழுக்கான தேர்வை எழுத இளநிலைப் பொறியாளருக்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும். முதுநிலைப் பொறியாளருக்கு 2 ஆண்டு. அதாவது இரண்டு வருடம் படித்து ஒரு வருடம் மிச்சம். ஆய்வுக்குப் போக நினைப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆலைக்குப் போக நினைப்பவர் இதைப் போட்டுப் பார்க்காமல் சேரக் கூடாது. என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வருடம் ஒரு கொதிகலனோடோ துணைமின் நிலையத்தோடோ மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்குத்தான் இந்தப் படிப்பு முழுப் பலன் தரும்.

நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு ஆய்வேட்டையே அந்தக் களமாக்கலாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒரு பம்ப்செட்டைப் பிடித்து, ஒரு வருடம் மின்சாரத்தையும் நீரையும் நீர்மட்டத்தையும் சேர்த்து அளக்கட்டும். டிப்ளமா பையன் செய்கிற வேலை என்று பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அளப்பது டிப்ளமா வேலைதான். அளந்த மூன்றையும் ஒன்றாக வைத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது அதற்கு மேற்பட்ட வேலை. நாட்டின் பழைய பம்ப்செட்டுகள் பலவற்றின் திறன் 30 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கிறது. அந்த ஒரு வருடப் பதிவு இருந்தால், பேனல் வாங்குவதற்கு முன் 5 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு நல்லதாக ஒரு 3 எச்.பி. போட்டாலே போதுமா என்று விவசாயிக்குச் சொல்லிவிடலாம். போதுமென்றால் வாங்க வேண்டிய பேனலிலும் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறையும்.