மரிக்கொழுந்து பறிக்கும் கை

முத்தியால்பேட்டைக்காரனுக்குக் கடல் என்றால் சத்தம்தான். சோலை நகர்க் கரையில் கருங்கல் மேல் அலை விழும் சத்தத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் கடலுக்குள் நடந்தே இறங்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பாம்பன் தீவிலுள்ள சின்னப்பாலத்தில்தான், நடவுக்குப் போவதுபோல் பெண்கள் கடலில் இறங்குவதைப் பார்த்தேன். சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. ஆக்சிஜன் உருளை கிடையாது, மூச்சுதான் முதல்.

அங்கே கடல் இரண்டு. பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். தெற்கத்திக் காற்றில் தென்கடல் பொங்கும்போது வடகடல் குளமாகக் கிடக்கும். வாடை பிறந்தால் தலைகீழ். எந்தக் கடல் தணிந்திருக்கிறது என்று காற்றைப் பார்த்தே அறிகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாள்களில்தான் பாசி எடுப்பு.

நான் சொக்கிப்போனது அந்தக் கைகளைப் பார்த்து. விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருக்கிறது. பாறை கிழிக்கும் என்பதற்காக. தலைகீழாக அமிழ்ந்தவள் இடக்கையால் பாறையைப் பிடித்துக்கொள்கிறாள். இல்லாவிட்டால் தண்ணீர் மேலே தூக்கிவிடும். வலக்கை மரிக்கொழுந்துப் பாசியின் கொத்தைத் தடவி, அடியைப் பாறையிலேயே விட்டு, நுனியை மட்டும் கிள்ளுகிறது. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை குறைவு. கீரை கிள்ளும் அதே நிதானம், மூச்சு முட்டும் நேரத்திலும். எனக்கு அதுதான் பெரிய வித்தை. எவ்வளவு நேரம் மூச்சடக்கினாள் என்று எண்ணத் தொடங்கிய நான் பாதியில் விட்டுவிட்டேன்.

இரும்பால் சுரண்டுவதில்லை, கோடையில் 45 நாள் கடலில் இறங்குவதில்லை என்பதெல்லாம் அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அந்த ஊரில் பாசி எடுக்கும் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி முங்கும் ஹென்யோ பெண்களின் மரபை மறு ஆண்டே யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம் பெண்களோ, 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் போய்வந்த தீவுப் பக்கம் போகவே அஞ்ச வேண்டியிருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது.

மரிக்கொழுந்திலிருந்து எடுப்பதுதான் அகர் அகர். நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து, வில்லையாக வெட்டித் தட்டில் வைக்கும் கடல்பாசி. முத்தியால்பேட்டையில் எத்தனையோ தடவை தின்றிருக்கிறேன். கரையேறியவள் பையைக் கவிழ்த்தபோது, ஈரம் சொட்ட மணலில் விழுந்த அந்தக் கபில நிறக் கொத்தை மூக்கருகே கொண்டுபோனேன். உப்பு வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை.