புழுதியில் ஒரு பந்தல்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில் ஆகஸ்ட் இறுதியில் கூடும் ‘பர்னிங் மேன்’ விழாவில் கண்ணைப் பறிப்பவை கலைப்படைப்புகள். அவற்றைச் செய்பவர்கள் ஒண்டியிருக்கும் கூட்டு முகாமின் நிழற்பந்தலும் ரசிக்கத் தக்கதே. அந்தப் பாலைவனத் தரை வறண்ட ஏரிப்படுகை; மேலே மாவாய்ப் புழுதி, அடியில் இறுகிய களிமண். பந்தலை இழுத்துக் கட்டத் தரையில் முறுக்குக் கம்பியை அறையும் சம்மட்டியின் ஓசை, கம்பி இறங்க இறங்கச் சுருதி மாறும். துணியைக் கட்டுவதில்தான் கைப்பக்குவம்: தளர்ந்தால் காற்றில் படபடத்துக் கிழியும், விறைத்தால் தையல் பிரியும். கம்பி முனைகளில் டென்னிஸ் பந்துகளைச் செருகிவிடுவார்கள். இருட்டில் நடப்பவரின் காலை நினைத்த கரிசனம் அது.

புழுதி காரத்தன்மை கொண்டது, பாதம் வெடிக்கும். வினிகர் கலந்த நீரில் கால் கழுவினால் எரிச்சல் தணியும். பந்தலைப் பிரிக்கும்போது, கம்பியை அடித்ததைவிடப் பிடுங்குவது கடினம். குறடால் பிடித்துத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் வரிசையாகக் குனிந்து நடந்து மரச்சிராய், ஜிகினாத் துகள், பிஸ்தா ஓடு என ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். பொறுமைக்கு இதைவிடக் கடினமான வேலை முகாமில் இல்லை. விழா முடிந்தபின் அரசின் நில நிர்வாகத் துறை குப்பை மிச்சம் இருக்கிறதா என்று அந்தத் தரையைச் சோதித்துப் பார்க்கிறது.