சுடர் இடும் முத்திரை

மருத்துவர் கையில் ஒரு கணம் மின்னி, கழுத்து முறிபட்டு, உடனே மறக்கப்பட்டுவிடும் ஒரு மில்லிலிட்டர் ஊசிமருந்துக் குப்பியை நாம் யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. ஆயினும் அதை நிரப்பி மூடும் தானியங்கி இயந்திரத்தின் முன், தடுப்புக் கண்ணாடிக்கு இப்பால், சற்று நேரம் நின்றவர்க்கு அந்த அலட்சியம் நீங்கிவிடும். வரிசையாக அசைந்துவரும் குப்பிகளுக்குள் மெல்லிய ஊசிகள் ஒருசேர இறங்கி, முதலில் நைட்ரஜனைச் செலுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுகின்றன. ஏனெனில் அட்ரினலின் போன்ற மருந்து பிராணவாயுவின் சம்பந்தம் நேர்ந்தால் இளஞ்சிவப்பாகி, பின் பழுப்பேறி, வீரியம் இழந்துவிடும். மருந்தை வார்க்கும் ஊசியோ, கழுத்தில் ஒரு துளியும் படாமல் விலகி எழுகிறது. பட்டால் அது தீயில் கருகிக் கறையாகும் என்பதால் கொள்ளும் அந்த ஜாக்கிரதை எனக்கு மிகவும் பிடித்தது. மறுபடியும் சிறிது நைட்ரஜன். அதன்பின், நீலச் சுடரின் இடைவிடாத சீறலினிடையே, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும் குப்பியின் கழுத்து செம்மஞ்சள் ஒளி பெற்று இளகுகிற வேளையில், ஓர் இடுக்கி அதன் நுனியைப் பற்றி, வெல்லப்பாகைக் கம்பிப் பதத்தில் இழுப்பதுபோல் நிதானமாக இழுக்க, நூலாக நீண்ட கண்ணாடி அறுந்து, துவாரம் தானாகவே கூடி, வழவழப்பான உருண்டை முனையாகிறது. வெப்பம் மிகுந்தால் முனை குமிழாக வீங்கும், குறைந்தால் நுண்துளை எஞ்சும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பக்குவத்தைச் சுடரின் நிறத்தையும் உயரத்தையும் கண்டு திருத்திவரும் தொழிலாளியின் பொறுமைக்கும் இந்த அழகில் பங்குண்டு. மூடிய குப்பிகளை மெதிலீன் நீலக் கரைசலில் ஆழ்த்தி, வெற்றிடம் உண்டாக்கிச் சோதிப்பதுண்டு. உள்ளே சிறிது நீலம் தென்பட்டாலும் அந்தக் குப்பி கழிக்கப்படுகிறது.